மனைவி உரம் கேட்டால் உரமே வாங்கிக் கொடுங்கள்

இந்த வாரக் கடிதம் 40 வயதைத் தாண்டிய ஒரு கணவரிடமிருந்து வந்திருக்கிறது. திருமணமாகி 11 ஆண்டுகள். மனைவிக்குத் தோட்டம் என்றால் உயிர். விடிந்ததும் அவர் முதலில் போய்ப் பார்ப்பது செடிகளைத்தான், அவற்றோடு பேசவும் செய்கிறார். சாப்பாட்டு மேசையில் பாதியை நாற்றுத் தட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஃப்ரிட்ஜைத் திறந்தால் விதைப் பொட்டலங்கள். குளியலறை வாளியில் எப்போதும் ஏதோ ஊறிக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஒரு பூனையும் உண்டு. அது இருவர் கட்சியிலும் சேராமல் நாற்றுத் தட்டின் மேலேயே படுத்துத் தூங்குகிறதாம். நாளைக்கு இரண்டு மூன்று முறையாவது "இங்க வாங்களேன், இதப் பாருங்க" என்று தோட்டத்திலிருந்து மனைவியின் குரல் வரும். இவர் செல்போனைப் பார்த்தபடியே "இதோ வர்றேன்" என்பார்.

அவருடைய பிரச்சினை கிறிஸ்துமஸ் பரிசு. ஒரு வருடம் சென்ட் வாங்கிக் கொடுத்தார். "நல்லா இருக்குங்க" என்று வாங்கி அலமாரியில் வைத்த மனைவி, இன்னும் அதைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் பூ வரைந்த அழகான பூவாளி. அரை லிட்டர் தண்ணீர்கூடப் பிடிக்காத அதில் இப்போது பேனாக்கள் நிற்கின்றன. அப்புறம் தானாகவே தண்ணீர் விடும் சொட்டுநீர்க் கருவி. "அப்ப எனக்கு என்னங்க வேலை?" என்று மனைவி கேட்டுவிட்டார். போன வருடம் அவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, பரிசாக இருக்கட்டும் என்று தோட்டம் முழுக்கக் களை பிடுங்கி வைத்தார். பிடுங்கியதில் பாதிக்கு மேல் மனைவி மூன்று வாரமாகக் காத்திருந்து முளைக்க வைத்த நாற்று.

இந்த முறை நேராகவே கேட்டுப் பார்த்திருக்கிறார். "நல்லா மக்கின உரம் நாலு மூட்டை வாங்கிக் கொடுங்க, போதும்" என்று பதில் வந்தது. இது குத்தலா என்று அவருக்குச் சந்தேகம். போன கிறிஸ்துமஸுக்கு மனைவி அவருக்குக் கொடுத்ததோ ஒரு ஜோடி தோட்டக் கையுறை. "எனக்கும் வேலை வைக்கிறாள்" என்று வருத்தப்படுகிறார். இப்போது அவர் மனதில் மூன்று யோசனைகள் ஓடுகின்றன: இணையத்தில் பார்த்த நீல ரோஜா விதையை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது, ஒரு வருடத்துக்குத் தோட்டக்காரர் ஒருவரை அமர்த்துவது, இல்லையென்றால் தோட்டத்தையே மறந்துவிட்டு ஒரு நகை வாங்குவது. "எதைக் கொடுத்தால், அந்தத் தக்காளிச் செடியைப் பார்க்கிற மாதிரி என்னை ஒரு முறை பார்ப்பாள்?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சில இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன், சந்தோஷமாகவும் இருந்தது. கணவன் மனைவிக்குள் பேச்சு நின்றுபோன வீடுகளிலிருந்து எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. அங்கே ஒருவருக்கு இன்னொருவர் என்ன செய்கிறார் என்றே தெரியாது. உங்களுக்கோ ஃப்ரிட்ஜின் எந்தத் தட்டில் விதை இருக்கிறது என்பது வரை தெரிந்திருக்கிறது. நாற்று எத்தனை வாரத்தில் முளைத்தது என்றும் தெரிகிறது. பிடுங்கிய பிறகுதான் தெரிந்தது என்றாலும் பரவாயில்லை, நினைவில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் மண வாழ்க்கையில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பரிசு விஷயத்தில் சில தப்புக் கணக்குகள் இருக்கின்றன, அவ்வளவுதான். அவற்றைச் சரிசெய்துவிடலாம்.

தக்காளிச் செடி உங்களுக்குப் போட்டி இல்லை

முதலில் இந்த ஏக்கத்தைப் பேசிவிடுவோம். காலையில் எழுந்ததும் அவர் செடியிடம் போவதற்குக் காரணம் உண்டு. ராத்திரியில் நத்தையோ புழுவோ வந்திருந்தால் காலையில்தான் தடயம் தெரியும். வெயில் ஏறுவதற்கு முன்பே இலை வாடியிருந்தால் வேருக்குத் தண்ணீர் போதவில்லை, அல்லது வேரில் ஏதோ கோளாறு என்று புரியும். மதியம் பார்த்தால் வெயிலில் எல்லா இலையும்தான் கொஞ்சம் துவண்டிருக்கும், ஒன்றும் விளங்காது. நல்ல தோட்டக்காரர்கள் எல்லாருமே காலையில் ஒரு சுற்று வருவார்கள். உங்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் போகிறார் என்று இதற்கு அர்த்தமில்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அந்த "இங்க வாங்களேன், இதப் பாருங்க" என்ற அழைப்பில்தான் என் கண் நின்றது. ஷெல்லி கேபிள் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2004-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைப் பற்றியதுதான். துணைவர் ஒரு நல்ல செய்தியோடு வரும்போது நாம் எப்படிப் பதில் சொல்கிறோம் என்பதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஆர்வமாகக் கேட்டு, மேலும் விசாரிப்பது ஒன்று. "ம், நல்லது" என்று அடக்கமாக முடித்துக்கொள்வது இன்னொன்று. அதில் உள்ள குறையை எடுத்துச் சொல்வது மூன்றாவது. கவனிக்காமல் பேச்சை மாற்றுவது நான்காவது. முதல் வகைப் பதில் கிடைக்கும் தம்பதிகளிடம்தான் நெருக்கமும் நிறைவும் கூடுதலாக இருந்தன. "நல்லது" என்ற அடக்கமான பதில்கூட அந்தப் பலனைத் தரவில்லை.

உங்கள் "இதோ வர்றேன்" இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அவர் கூப்பிடுவது ஒரு பூவையோ காயையோ காட்டத்தான். 11 வருடம் கழித்தும் தன் சந்தோஷத்தை முதலில் உங்களிடம்தான் காட்ட நினைக்கிறார். தக்காளிச் செடியைப் பார்க்கிற மாதிரி உங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். அவர் கூப்பிட்டதும் எழுந்து போய், "இது எப்பப் பூத்தது? நேத்து மொட்டாத்தானே இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்ட பார்வை அந்த இடத்திலேயே கிடைக்கும். கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

உரம் குத்தல் இல்லை

குத்தலாகப் பேசுகிறவர் "உரம் வாங்கிக் கொடுங்க" என்பதோடு நிறுத்தியிருப்பார். உங்கள் மனைவி "நல்லா மக்கின" என்று சொல்லியிருக்கிறார். மூட்டை எத்தனை என்றும் சொல்லியிருக்கிறார். 50 லிட்டர் மூட்டை ஒன்றைப் பிரித்து 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் ஒரு சதுர மீட்டர் நிலம் மூடும். அப்படியானால் நாலு மூட்டை என்பது நான்கு சதுர மீட்டர் பாத்தி. அவர் எங்கேயோ ஒரு பாத்தியை மனதுக்குள் அளந்து வைத்துவிட்டுத்தான் பேசுகிறார். ஆசைப்பட்டுக் கேட்ட பரிசு அது.

கேட்ட பிறகும் நீங்கள் நகை, நீல ரோஜா என்று யோசிப்பது உங்கள் குற்றமும் இல்லை. நெடுநாள் பழகியவர்களுக்கு இது வழக்கமாக நடப்பதுதான். டேவி லெரூஜ், லுக் வார்லோப் என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு, நம் துணைவருக்கு எந்தப் பொருள் பிடிக்கும் என்று நம்மால் ஏன் சரியாகக் கணிக்க முடிவதில்லை என்று பார்த்தது. அவரைப் பற்றி நம் மனதில் ஏற்கனவே சேர்த்து வைத்திருக்கும் சித்திரத்தையே நாம் அதிகம் நம்புகிறோம், கண்ணெதிரே அவர் சொல்லும் பதிலுக்குக் குறைவாகவே காது கொடுக்கிறோம் என்பது அவர்கள் கண்டது. உங்கள் மனதில் 'மனைவிக்குக் கொடுக்கும் பரிசு' என்ற சித்திரத்தில் சென்ட் இருக்கிறது, நகை இருக்கிறது, உர மூட்டை இல்லை. அதனால்தான் அவர் தெளிவாகச் சொன்னதும் உங்கள் காதில் கேலியாக விழுந்திருக்கிறது.

சரி, உரம் என்றே வைத்துக்கொள்வோம். இதிலும் நல்லது கெட்டது உண்டு. நீங்கள் கவனம் காட்ட வேண்டிய இடமும் இதுதான், ஏனென்றால் நல்ல உரம் வாங்கி வந்தால் அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். மோசமானதை வாங்கினாலும்தான்.

நன்றாக மக்கிய உரம் கறுப்பாக, உதிரியாக இருக்கும். கையில் எடுத்தால் சூடு இருக்காது. மழை பெய்த மண்ணின் வாசனை வரும். மூக்கைப் பிடிக்க வைக்கும் அமோனியா நெடி வந்தால் இன்னும் மக்கவில்லை. அதைச் செடிக்குப் போட்டால் வேர் கருகும், களை விதையும் நோய்க் கிருமியும் கூடவே வரும். மாட்டு எரு, குதிரைச் சாணம் மாதிரி விலங்கு எரு வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: விலங்குகளுக்குப் போட்ட புல்லுக்கும் வைக்கோலுக்கும் களைக்கொல்லி அடித்திருந்தார்களா? அமினோபைராலிட் என்ற களைக்கொல்லி விலங்கின் வயிற்றைத் தாண்டிச் சாணத்திலும் தங்கும். எருவை மக்க வைத்தாலும் சீக்கிரம் அழியாது. அப்படிப்பட்ட எருவைப் போட்டால் தக்காளி, பீன்ஸ், உருளை போன்றவற்றின் இலைகள் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். நீங்கள் கண்வைத்திருக்கும் அந்தத் தக்காளிக்கே ஆபத்து. சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. கொஞ்சம் எருவைத் தொட்டிக் கலவையோடு சேர்த்து அதில் நாலு பீன்ஸ் விதை ஊன்றுங்கள், அந்த எரு கலக்காத இன்னொரு தொட்டியிலும் நாலு விதை போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இதை டிசம்பர் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். மனைவிக்குத் தெரியாமல் ரகசியமாகச் செய்ய ஆசையாக இருந்தால், உங்கள் ரகசியத்துக்கு இது நல்ல இடம்.

மூட்டையைப் பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. மக்கிய உரத்திலும் தொட்டிக் கலவையிலும் லெஜியோனெல்லா வகைக் கிருமி இருப்பதுண்டு. தூசியை மூச்சில் இழுத்தால் சிலருக்கு நிமோனியா வரலாம். வயதானவர்களும் புகை பிடிப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு பிரியுங்கள், கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள், பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லத் தேவையிருக்காது என்று நம்புகிறேன்.

உங்கள் மூன்று யோசனைகள்

நீல ரோஜா விதையை இன்றைக்கே மறந்துவிடுங்கள். ரோஜாவில் நீல நிறத்துக்குக் காரணமான டெல்ஃபினிடின் என்ற நிறமி இயற்கையில் உண்டாவதில்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றம் செய்து அந்த நிறமியை ரோஜாவில் கொண்டுவந்ததாக 2004-ல் அறிவித்தது. அந்தப் பூ 2009-ல் விற்பனைக்கு வந்தது. அதையும் நேரில் பார்த்தால் வெளிர் ஊதா என்றுதான் சொல்வோம். ஆக, இணையப் படத்தில் தெரியும் அந்தப் பளிச்சென்ற நீலம் கணினியில் பூசியதாகவோ பூவுக்குச் சாயம் ஏற்றியதாகவோதான் இருக்கும். போதாததற்கு, விதையிலிருந்து முளைக்கும் ரோஜா தாய்ச் செடியின் பூவை அப்படியே தருவதில்லை. அதனால்தான் ரோஜா வளர்ப்பவர்கள் ஒட்டுக் கட்டியும் குச்சி நட்டும் பெருக்குகிறார்கள். உங்கள் மனைவிக்கு இது நிச்சயம் தெரிந்திருக்கும். பொட்டலத்தைப் பார்த்ததும் உங்களை நோகடிக்காமல் என்ன பதில் சொல்வது என்று அவர் தவிப்பார்.

இதில் சட்டமும் இருக்கிறது. விதையும் செடியும் நாடு விட்டு நாடு போகும்போது பெரும்பாலான நாடுகள் தாவர நலச் சான்றிதழ் கேட்கின்றன. பூச்சியும் நோயும் பரவாமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. சான்றிதழ் இல்லாமல் தபாலில் வந்தால் பறிமுதல் ஆகலாம், அபராதமும் வரலாம். "நாங்க எல்லாத்தையும் பார்த்துக்கிறோம்" என்று விற்பவர் சொன்னாலும், உங்கள் நாட்டு விதிப்படி பொறுப்பு வரவழைத்தவர் தலையில் விழக்கூடும்.

தோட்டக்காரர் யோசனை நல்ல மனதில் வந்தது என்பது புரிகிறது. மனைவி கஷ்டப்படுகிறார், பாரத்தைக் குறைக்கலாம் என்று நினைக்கிறீர்கள். சொட்டுநீர்க் கருவிக்கும் இதே எண்ணம்தான் காரணம். ஆனால் அவருக்கு அது பாரமில்லை. தண்ணீர் ஊற்றும் நேரம்தான் அவர் ஒவ்வொரு செடியையும் பார்த்து விசாரிக்கும் நேரம். அதை இன்னொருவர் கையில் கொடுத்தால் தோட்டத்தையே எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். குழி வெட்டுவது, கனமான தொட்டியை நகர்த்துவது, உயரத்தில் உள்ள கிளையைக் கழிப்பது என்று அவருக்கே பிடிக்காத, முதுகை வாங்குகிற வேலைகள் சில இருக்கும். அவற்றுக்கு மட்டும் ஒருநாள் ஆள் வைக்கலாமா என்று அவரையே கேளுங்கள். எந்த வேலை, எந்த நாள் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

நகை பற்றி எனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை. அவருக்கு நகை பிடிக்குமா என்று உங்கள் நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை, அதுதான் யோசிக்க வைக்கிறது.

உரத்தோடு வேறு எதுவும் சேர்க்க ஆசையிருந்தால்

கிறிஸ்துமஸ் காலையில் நாலு மூட்டையை மட்டும் காட்டி நிற்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். கையில் கொடுக்க ஒரு சின்னப் பொருளும் இருக்கட்டும் என்றால், நான் முதலில் சொல்வது கவாத்துக் கத்தரி. இதில் இரண்டு வகை. ஒன்றில் இரு அலகுகளும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று உரசிக் கடக்கும், பச்சைக் கிளையை நசுக்காமல் வெட்டும். இன்னொன்றில் ஒரே அலகு தட்டையான உலோகத்தின் மேல் வந்து அழுந்தும். காய்ந்த கட்டைக்கு அது சரி, உயிருள்ள தண்டை நசுக்கிவிடும். பூச்செடியும் காய்கறியும் வளர்ப்பவருக்கு முதல் வகைதான் வேண்டும். அவர் இப்போது வைத்திருப்பதை எடுத்துப் பாருங்கள். பிடி அவர் கைக்குப் பெரிதாக இருக்கிறதா, அவர் இடது கைக்காரரா, அலகைக் கழற்றித் தீட்டும்படி இருக்கிறதா என்று கவனியுங்கள். இடது கைக்காரருக்கென்றே செய்த கத்தரி கிடைக்கிறது, அதைப் பற்றி யோசித்து வாங்கி வந்தாலே போதும், அவர் மனம் நிறைந்துவிடும். ஏற்கனவே நல்ல கத்தரி இருந்தால் புதிது வேண்டாம். ஒரு தீட்டுக்கல்லும் கொஞ்சம் எண்ணெயும் வாங்கி, அதைத் தீட்டிக் கொடுங்கள்.

அடுத்தது பெயர்ப் பலகைகள், அதாவது எந்த விதையை எங்கே போட்டோம் என்று எழுதி மண்ணில் குத்தி வைப்பவை. போன வருடத்து நாற்று விபத்துக்கு இதைவிடப் பொருத்தமான பிராயச்சித்தம் எனக்குத் தோன்றவில்லை. முளைத்து வரும் முதல் இரண்டு இலைகள் வித்திலைகள். பல செடிகளிலும் களைகளிலும் அவை ஒரே மாதிரி இருக்கும், அனுபவசாலிகளே குழம்புவதுண்டு. பலகைகளோடு ஒரு மென்மையான பென்சிலும் வையுங்கள். மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். கூடவே, "நாற்றைப் பிடுங்கினதுக்கு மன்னிச்சுக்கோ" என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

மண் பரிசோதனையும் நல்ல பரிசு. தோட்டத்து மண்ணைக் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் அதன் அமில காரத் தன்மையும் சத்துகளும் தெரியும். பெரும்பாலான காய்கறிகளுக்கு பி.எச். அளவு 6-லிருந்து 7-க்குள் இருந்தால் நல்லது. ப்ளூபெர்ரி, அசேலியா போன்றவை 5-ஐ ஒட்டிய அமில மண்ணைக் கேட்கும். ஒரு செடி ஏன் பல வருடமாகத் தேறவில்லை என்ற புதிர் சில நேரம் இந்த ஒரு தாளில் அவிழ்ந்துவிடும். மண்ணை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதை அவரே காட்டட்டும்.

விதை வாங்குவதாக இருந்தால் அவரிடம் பட்டியல் கேட்டு வாங்குங்கள், பொட்டலத்தில் உள்ள ஆண்டையும் பாருங்கள். தக்காளி விதை நாலைந்து வருடம் தாங்கும். வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்திலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும்.

செடியாகவே வாங்கிக் கொடுக்கும்போதுதான் உங்கள் பூனையை நினைக்க வேண்டும். லில்லி வகைகள் பூனைக்கு உயிராபத்து. இலை, பூ மட்டுமில்லை, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழந்துவிடும். நாற்றுத் தட்டில் படுத்துத் தூங்கும் பூனை இருக்கிற வீட்டுக்கு லில்லி வேண்டவே வேண்டாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கும் விற்கும் சிவப்பு பாய்ன்செட்டியா கொடிய விஷம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது அவ்வளவு இல்லை, அதன் பால் பட்டால் லேசான எரிச்சலும் வாந்தியும் வரலாம், அவ்வளவுதான். அந்தச் சிவப்பு பூவும் இல்லை, நிறம் மாறிய இலைகள். நடுவில் மஞ்சளாகக் குட்டிக் குட்டியாக இருப்பவைதான் பூக்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு மறுபடி சிவக்க வைக்க எட்டு வாரம் போல, தினமும் 14 மணி நேரம் முழு இருட்டில் வைக்க வேண்டும். தெரு விளக்கு வெளிச்சம் பட்டால்கூடக் கெட்டுவிடும். சாதாரண ஆளுக்கு இது தொல்லை, உங்கள் மனைவி மாதிரி ஒருவருக்குச் சவால். தினம் சாயங்காலம் அதை மூடி வைக்கிற வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அந்தச் செடி இருவருக்கும் பொதுவாகிவிடும்.

கையுறை

இதை வேலை வாங்கும் தந்திரம் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். வேறு மாதிரியும் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாற்றைப் பிடுங்கியது போன வருடம், கையுறை கொடுத்ததும் போன வருடம். கோபமாக இருந்திருந்தால் "தோட்டப் பக்கமே வராதீங்க" என்றல்லவா சொல்லியிருப்பார்? அவர் உங்களை உள்ளே கூப்பிட்டிருக்கிறார். அது உங்கள் கை அளவுக்குச் சரியாக இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, போய்ப் போட்டுப் பாருங்கள். கச்சிதமாக இருந்தால், உங்கள் கையை அவர் எப்போதோ கவனித்து வைத்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

எனக்குத் தோட்ட வேலையே பிடிக்காதே என்றால், அதைச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. எல்லாரும் மண்ணில் இறங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம், அவர் சொல்கிற வேலையை அவர் சொல்கிறபடி செய்து பாருங்கள். உரக்குழியைக் கிளறுவது, மண் சலிப்பது மாதிரி எதையும் பிடுங்க வேண்டியில்லாத வேலைகளாக முதலில் கேட்டு வாங்குங்கள். சில வாரம் கழித்தும் ஒட்டவில்லை என்றால், பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுப் பேச்சுத் துணையாக இருப்பதாகச் சொல்லிவிடுங்கள். அதற்கும் அவர் சந்தோஷப்படுவார் என்றே நினைக்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் உங்கள் பங்கு

கடைசியாக, நீங்கள் சிரித்துக்கொண்டே எழுதினாலும் எனக்குக் கொஞ்சம் உறுத்திய விஷயம் இது. வீடு இருவருக்கும் பொது. மேசையில் பாதி நாற்றுக்கு, ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு விதைக்கு, குளியலறையில் ஒரு வாளி என்று போகும்போது, விட்டுக்கொடுப்பது எப்போதும் நீங்களாக இருந்தால் ஒருநாள் வேறு ஏதோ சின்ன விஷயத்தில் அது கோபமாக வெடிக்கும். இப்போதே நல்ல முறையில் பேசிவிடுங்கள். "உன் செடியை எடு" என்று ஆரம்பிக்காமல், "கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட மேசை வேணும், நாற்றுக்கு வேற நல்ல இடம் பண்ணலாமா?" என்று கேளுங்கள்.

இதற்கு ஒரு வழியும் சொல்கிறேன். மூன்று நாலு அடுக்குள்ள ஓர் இரும்பு அலமாரி, ஒவ்வோர் அடுக்கின் அடியிலும் ஒரு நீள எல்.இ.டி. விளக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு டைமர். நாற்றுக்கு நாளைக்கு 14-லிருந்து 16 மணி நேரம் வெளிச்சம் கிடைத்தால் ஜன்னலோரத்தில் வளர்வதுபோல் நெட்டையாக வெளிச்சத்தைத் தேடிச் சாயாமல், குட்டையாக உறுதியாக வரும். மீதி நேரம் இருட்டு வேண்டும், அதை டைமர் பார்த்துக்கொள்ளும். விளக்கை ஏற்றி இறக்க வசதியாகச் சங்கிலியில் தொங்கவிட்டால் செடி வளர வளர உயர்த்தலாம். உரத்தோடு இதையும் கொடுத்தீர்களென்றால் மேசை உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும், நாற்றும் முன்பைவிட நன்றாக வரும். அடுக்குகளுக்கு நடுவே பூனை புகாத அளவுக்கு வலை அடித்துவிடுங்கள். வாங்குவதற்கு முன் அவருடைய தட்டுகளின் நீள அகலத்தை அளந்துகொள்ளுங்கள். அலமாரியை எந்த அறையில் வைப்பது என்பதை மட்டும் நீங்களாக முடிவு செய்யாமல் அவரிடம் கேட்டுவிடுங்கள், ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.